மரணப் பதிவேடும் மலாயாத் தமிழர் பெயர்களும்

முன்னுரை

இறந்தார் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்கள் தமிழ்பிராமி எழுத்துகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனுக்கு எடுத்த கல். யார் இறந்தார், எவ்வூரில் இறந்தார், எதனால் இறந்தார் என்னும் மூன்று செய்திகளையே அக்கல் சொல்கிறது. இன்று அரசு வழங்கும் மரணச் சான்றிதழும் அடிப்படையில் இம்மூன்றையே சொல்கிறது.

ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நடுகல்லில் பெயரைப் பொறித்தவர்கள் இறந்தவனின் சுற்றத்தார். பொறித்த மொழி அவனுடைய மொழி. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உழைக்க வந்த நம் முன்னோரின் மரணங்களையோ பெரும்பாலும் அவர்தம் மொழி அறியாத எழுத்தர்கள், ஆட்சியின் தேவைக்காக, வேற்றுமொழியில் பதிந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் அவர் வாழ்நாள் முழுவதிலும் அரசு ஏடுகளில் சில தடவைகளே எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் இறுதியானது மரணப் பதிவு. பல குடும்பங்களுக்கு அதுவே எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று.

அப்பதிவுகள் எவ்வாறு தோன்றின, அவற்றில் நம் பெயர்கள் எவ்வாறு உருமாறின, அவற்றை இன்று தேடிப் பெறுவது எவ்வாறு, பதிவே இல்லாத மரணங்களை நாம் எவ்வாறு எதிர்கொள்வது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். மரணப் பதிவைத் தேடுவது அலுவலகப் பணி போலத் தோன்றினும், அது மொழியறிவைக் கொண்டு செய்ய வேண்டிய ஒரு வரலாற்றுப் பணி என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

ஒரு நாடு, பல ஆட்சிகள்

பதிவுகளைத் தேடப் புகுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது, இன்றைய மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிட்டிஷார் காலத்தில் ஒரே நிருவாகத்தின் கீழ் இருக்கவில்லை என்பதாகும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பெயரில் 1867ஆம் ஆண்டு முதல் நேரடி முடியாட்சிக் குடியேற்றமாக ஆளப்பட்டன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் கூட்டரசு மலாய் மாநிலங்களாக இணைக்கப்பட்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவை 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தன. ஜொகூர் தனக்கெனத் தனி நிருவாகம் கொண்டிருந்தது.

ஆகவே, “மலாயாவில் இறந்தார்” என்னும் குடும்பச் செய்தி தேடலுக்குப் போதுமானதன்று. புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டத்தில் ஒருவர் இறந்திருந்தால் அவர் பினாங்கு ஆட்சியின் கீழ் இறந்தவர். ஆற்றைக் கடந்து கெடாவில் இறந்திருந்தால் அவர் வேறோர் ஆட்சியின் கீழ் இறந்தவர். ஏடும் வேறு, மொழியும் வேறாக இருக்கலாம். நீரிணைக் குடியேற்றங்களிலும் கூட்டரசு மாநிலங்களிலும் ஆங்கிலமே பதிவு மொழியாக இருக்க, ஜொகூர், கெடா ஆகியவற்றின் பழைய அரசு ஆவணங்களில் ஜாவி எழுத்தில் அமைந்த மலாய்மொழி பரவலாக இடம்பெற்றது.

தோட்டங்களில் ஒருவர் இறந்தால் அச்செய்தி பெரும்பாலும் கிராணி, டிரெசர், கங்காணி ஆகியோருள் ஒருவர் வாயிலாகவே பதிவாளரைச் சென்றடைந்தது. பல இடங்களில் காவல் நிலையமே பதிவிடமாகவும் இருந்தது. இறந்தவரின் மனைவியோ மகனோ பதிவாளர் முன் நின்று பெயரைச் சொல்லும் வாய்ப்பு அரிது. துணையின்றித் தனியே கப்பலேறி வந்தவர்கள் மிகுந்திருந்த அக்காலத்தில், செய்தி சொன்னவர் இறந்தவரை நன்கறிந்தவராக இருந்தார் என்பதற்கே உறுதியில்லை. பதிவேட்டில் காணும் வயது 30, 35, 40 என முழு எண்களாகவே குவிந்திருப்பதும், மரணக் காரணம் ‘காய்ச்சல்’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவதும் இதனாலேயே ஆகும். அக்‘காய்ச்சல்’ மலேரியாவாக இருக்கலாம், குடற்காய்ச்சலாக இருக்கலாம், நிமோனியாவாகவும் இருக்கலாம். பழைய பதிவில் உள்ள காரணத்தை மருத்துவரின் முடிவாகக் கொள்ளாமல், செய்தி சொன்னவரின் சொல்லாகவே கொள்ளுதல் தகும்.

எண்ணிக்கை பேசிய உண்மை

இத்தகைய குறைகள் இருந்தும் இப்பதிவேடுகள் எத்துணை ஆற்றல் உடையவை என்பதற்குக் கிள்ளான் நகரின் வரலாறே தக்க சான்று. 1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் பணியேற்றார். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தின் நடுவே எழுந்த அத்துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர்களைக் காய்ச்சல் வாட்டியது.

வாட்சன் மரணப் பதிவுகளைத் தொகுத்தார். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இரு நகரங்களிலும் 1901ஆம் ஆண்டில் பதிவான மரணங்கள் 582. அவற்றுள் காய்ச்சலால் நேர்ந்தவை 368. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் நிறுவியிருந்தார். அதன் அடிப்படையில் சதுப்புகள் வடிக்கப்பட்டன, காடு வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டு, 1902இல், மொத்த மரணங்கள் 144ஆகக் குறைந்தன. காய்ச்சல் மரணங்கள் 59 மட்டுமே. 1903இல் மொத்தம் 115. வாட்சன் தம் பட்டறிவை 1911இல் நூலாக வெளியிட்டபோது இவ்வெண்களே அதன் முதன்மைச் சான்றுகளாக அமைந்தன.

இங்கு நாம் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். அந்த 368 பேரின் பெயர்கள் ஏட்டில் எழுதப்படாதிருப்பின், அடுத்து வந்தவர்கள் பிழைத்திருக்க வழி குறைவு. தனி ஒருவரின் மரணம் குடும்பத்தின் துயரம். அது பதியப்படும்போது சமூகத்தின் அறிவாகிறது. தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளும், 1920களின் முற்பகுதி முதல் மலாயாவில் அமர்த்தப்பட்ட இந்திய அரசுப் பிரதிநிதியின் அறிக்கைகளும் தோட்ட மரணங்களைப் பற்றிப் பேச முடிந்ததும் இப்பதிவுகளின் துணையால்தான்.

ஆனால் எண்ணிக்கைக்காக எழுதப்பட்ட ஏட்டில் பெயர் இரண்டாம் இடத்தையே பெற்றது. பிழையாக எழுதினாலும் எண்ணிக்கை மாறுவதில்லை. அடுத்துக் காணவிருக்கும் சிக்கலுக்கு வேர் இதுவே.

பெயர் உருமாறிய விதம்

தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே. அது ‘கந்தன்’ என்பதில் ஓர் ஒலியும் ‘கோவிந்தன்’ என்பதில் மற்றோர் ஒலியும் பெறுகிறது. ஆங்கில எழுத்திலோ இவ்விரண்டிற்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. எனவே கோவிந்தன் என்பவரை ஓர் எழுத்தர் ‘ஜி’ வரிசையிலும் மற்றோர் எழுத்தர் ‘கே’ வரிசையிலும் எழுதியிருப்பர். சின்னசாமி ‘சி’ வரிசையிலும் இருப்பார்; ‘எஸ்’ வரிசையிலும் இருப்பார். எல்லம்மாள் என்னும் பெயரை நாம் சொல்லும்போது முன்னே யகர ஒலி தோன்றுவதால், அவரை ‘இ’ வரிசையில் தேடிக் காணாதவர் ‘ஒய்’ வரிசையில் காண்பது உண்டு. பதிவேட்டின் பெயரடைவு முதலெழுத்தின் வரிசையில் அமைந்திருப்பதால், முதலெழுத்து மாறினால் ஆளே இல்லை என்றாகிவிடும்.

ழகரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பழனி, அழகன், ஏழுமலை முதலிய பெயர்கள் சில ஏடுகளில் லகரமாகவும், சிலவற்றில் ளகரமாகவும், பிற்காலத்தில் ஈரெழுத்துச் சேர்க்கையாகவும் எழுதப்பட்டன. நெடிலுக்கும் குறிலுக்கும் வேறுபாடு காட்டப் பொது முறை இல்லாமையால் ஆறுமுகம் என்னும் ஒரே பெயர் பல வடிவம் கொண்டது. முத்து என்பதில் வரும் உகரத்தை ஓர் எழுத்தர் ‘யு’ என்னும் எழுத்தாலும், மற்றவர் இரண்டு ‘ஓ’ எழுத்துகளாலும் குறித்தார்.

ஒலிபெயர்ப்பு ஒருபுறமிருக்க, பெயரமைப்பும் பதிவாளரைக் குழப்பியது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரே முன்னெழுத்தாக நிற்கிறது. ஆங்கில முறையில் பழகிய எழுத்தர் பின்னால் நிற்கும் பெயரைக் குடும்பப் பெயராகக் கருதினார். இதனால் ‘முனியாண்டி மகன் இராமசாமி’ என்பவர் சில ஏடுகளில் முனியாண்டியின் கீழும் சிலவற்றில் இராமசாமியின் கீழும் இடம்பெற்றார். ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம் முந்திய பதிவுகளிலும், அதே பொருள் தரும் ‘ஏ/எல்’, மகளைக் குறிக்கும் ‘ஏ/பி’ ஆகிய மலாய்ச் சுருக்கங்கள் பிந்திய மலேசியப் பதிவுகளிலும் காணப்படுகின்றன. ஒரே மனிதரின் பிறப்பும் இறப்பும் இருவேறு முறைகளில் எழுதப்பட்டிருந்தால் வியப்பில்லை.

பெண்களின் பெயர்கள் மிகுந்த இழப்புக்கு உள்ளாயின. மாரியம்மாள், மாரியாயி, மாரி என்பன ஒருவரையே குறிக்கலாம். வீட்டில் அனைவரும் ‘பாப்பா’ என்றழைத்த பாட்டியின் இயற்பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமற் போவதும், பதிவேட்டிலோ அந்த இயற்பெயரே இருப்பதும் உண்டு. கணவர் பெயரைக் கொண்டு தேடினால்தான் சில பாட்டிமார் கிடைப்பர்.

இனம் என்னும் கட்டத்திலும் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ‘தமிழர்’ என்று தெளிவாக எழுதிய ஏடுகள் உண்டு. ‘இந்தியர்’ என்று பொதுவாக எழுதியவையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘கிளிங்’ என்னும் சொல் தென்னிந்தியர் அனைவரையும் சுட்டியது. இன்று இழிவாகக் கருதப்படும் அச்சொல்லை ஆவணத்தில் காணும் மாணவர் அதன் காலச்சூழலை அறிந்து படிக்க வேண்டும். வெட்கி மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே, பதிவைத் தேடுமுன் இறந்தவரின் பெயரை முதலில் தமிழில் பிழையற எழுதுக. பின்னர் அது ஆங்கில எழுத்தில் எத்தனை வகையாக எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதைப் பட்டியலிடுக. இப்பட்டியலை உருவாக்கத் தமிழொலியியல் அறிந்தவரே வல்லவர். வகுப்பறையில் நாம் கற்பிக்கும் எழுத்திலக்கணம் ஆவணக் காப்பகத்தில் பயன் தரும் இடம் இது.

நாளை அறியும் வழி

பெயரை அடுத்து வேண்டப்படுவது நாள். நம் மூத்தோர் பலர் ஆங்கில நாளை நினைவில் வைப்பதில்லை, திதியை மறப்பதுமில்லை. “மாசி மாதம், தேய்பிறை ஏகாதசி” என்று ஆண்டுதோறும் படையல் இடும் குடும்பத்திடம் மிக நுட்பமான ஒரு காலக்குறிப்பு இருக்கிறது. ஒரு தமிழ் மாதத்தில் ஒரு பிறையின் ஒரு திதி பெரும்பாலும் ஒருமுறையே வரும். ஆண்டு தெரிந்தால் அவ்வாண்டின் பஞ்சாங்கத்தைக் கொண்டு ஆங்கில நாளைக் கணித்துவிடலாம்.

ஆண்டின் பெயரை மட்டும் சொல்லும் குடும்பங்களும் உண்டு. ‘சித்திரபானு வருடம் மாசி’ என்றால் அது 1943ஆம் ஆண்டின் பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான காலம். அதற்கடுத்த சுபானு 1943 ஏப்ரலில் தொடங்கியது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அதே பெயர் 2003இல் மீண்டும் வந்தது. எனவே எந்தச் சுழற்சி என்பதைத் தலைமுறைக் கணக்கைக் கொண்டு தெளிதல் வேண்டும். இசுலாமியக் குடும்பங்கள் ஹிஜ்ரி மாதத்தையும், கத்தோலிக்கக் குடும்பங்கள் திருச்சபையின் இறப்புப் பதிவேட்டையும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

ஆண்டும் தெரியாதபோது பொது நிகழ்ச்சிகள் கைகொடுக்கும். உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களைத் தாக்கியது 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில். பெருவெள்ளம் வந்தது 1926இல். சப்பானியர் ஆட்சி 1942 முதல் 1945 வரை. அவசரகாலம் அறிவிக்கப்பட்டது 1948இல். “வெள்ளம் வந்த மறுவருடம்” என்னும் பாட்டியின் சொல், தேட வேண்டிய பக்கங்களை ஓராண்டுக்குள் அடக்கிவிடும்.

சப்பானியர் காலத்து ஆவணங்களைப் படிப்போர் மற்றொன்றையும் அறிய வேண்டும். அக்காலத்தில் சப்பானியப் பேரரசின் ஆண்டுமுறை வழங்கியது. 2602 என்பது 1942; 2603 என்பது 1943. மேலும் மலாயாவின் கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டு ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடின. நள்ளிரவை ஒட்டி நேர்ந்த மரணமாயின் நாளே மாறக்கூடும்.

எங்கே, எதைக் கேட்பது

மரணம் அது நிகழ்ந்த இடத்தில் பதியப்படுவது. இறந்தவரின் சொந்த ஊரில் அன்று. ஈப்போவில் குடும்பம் நடத்தியவர் கோலாலம்பூர் மருத்துவமனையில் இறந்திருந்தால் கோலாலம்பூரே அவர் மரணத்தின் இடம். முதுமையில் தமிழகம் திரும்பி அங்கு இறந்தவரின் பதிவு மலேசியாவில் இராது. அன்றைய சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், பின்னர் இந்திய நாடாளுமன்றத்தின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், இறந்த ஊரின் பதிவாளரிடமே அதைத் தேட வேண்டும்.

மலேசியாவில் இன்று இப்பொறுப்பு தேசியப் பதிவு இலாகாவினுடையது. அடையாள அட்டைக்காக 1948இல் தோன்றிய அமைப்பின் வழிவந்தது அந்த இலாகா. தீபகற்ப மலேசியாவில் 1957ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. விண்ணப்பிப்பவர் இறந்தவரின் பெயர், அடையாள அட்டை எண், இறந்த நாள், இடம், தமக்கும் அவருக்கும் உள்ள உறவு ஆகியவற்றைக் கொண்டு செல்லுதல் நலம். பழைய மரணங்களுக்கு அடையாள அட்டை எண்ணே இராது ஆகையால், பெயர்ப் பட்டியலும் நாள் வரம்பும் அங்குத்தான் துணைநிற்கும்.

குடும்பப் பெட்டியில் கிடைக்கும் தாள் எது என்பதைப் பகுத்தறிவதும் இன்றியமையாதது. அடக்கம் செய்வதற்கோ எரியூட்டுவதற்கோ வழங்கப்படும் அனுமதிச் சீட்டு வேறு. இறப்பின் காரணத்தை மருத்துவர் உறுதிசெய்யும் தாள் வேறு. மலாயில் ‘சிஜில் கெமாத்தியான்’ எனப்படும் மரணச் சான்றிதழ் வேறு. அடக்க அனுமதிச் சீட்டையே மரணச் சான்றிதழ் எனக் கருதிப் பாதுகாத்து வரும் குடும்பங்கள் உள்ளன. அச்சீட்டு சான்றிதழ் ஆகாது. எனினும் அதிலுள்ள நாளும் இடமும் சான்றிதழைப் பெற வழிகாட்டும் என்பதால் அதனையும் எறிந்துவிடலாகாது.

சிங்கப்பூரில் இப்பதிவுகள் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் பொறுப்பில் உள்ளன. அங்குள்ள பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1872ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கின்றன. 2022ஆம் ஆண்டு மே 29 முதல் அங்குத் தாளில் அச்சிட்ட மரணச் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை. மருத்துவர் இறப்பை உறுதிசெய்தவுடன் அது தானே பதிவாகிறது. உறவினர் மின்னியல் சான்றிதழை ‘மை லெகசி’ இணையத்தளத்திலிருந்து 30 நாள்களுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் வேண்டுவோரும், பழைய மரணங்களைத் தேடுவோரும், பதிவேட்டின் சாற்றுப்படிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அரசுப் பதிவு கிடைக்காத இடத்தில் பிற சான்றுகள் துணைபுரியும். கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் முதலிய பழைய நிருவாக ஆவணங்கள் பேணப்படுகின்றன. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர் எந்த மாதத்தோடு நின்றுபோகிறது என்பதே சில வேளைகளில் மரணத்தின் முதற்குறிப்பாக அமையும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் ஏடுகளும், இடுகாட்டுப் பதிவேடுகளும் உண்டு. சிங்கப்பூரின் பிடாடரி இடுகாட்டில் கிறித்துவரும் முஸ்லிம்களும் இந்துக்களும் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். 2001 முதல் 2006 வரை அக்கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. நினைவுக்கென வைக்கப்பட்ட சில கற்கள் தவிர, அங்கிருந்தோரின் பெயர்களை இன்று ஏடுகளிலும் படங்களிலுமே காண முடியும். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மலேசியத் தோட்டத்து இடுகாடுகள் பலவும் இவ்வாறே மறைந்தன.

நம் மொழியிலேயே அமைந்த சான்று ஒன்றும் உண்டு. அதுவே நாளிதழ்களின் மரண அறிவித்தல். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி முயற்சியால் 1935இல் தோன்றி இன்றும் வெளிவரும் ‘தமிழ் முரசு’ ஆகியவற்றின் பக்கங்களில் இறந்தவரின் பெயர் தமிழில் உள்ளது. தமிழகத்துச் சொந்த ஊர் உள்ளது. மக்கள், மருமக்கள் பெயர்கள் உள்ளன. அரசுப் பதிவு சொல்லாதவற்றை அவ்வறிவித்தல் சொல்கிறது. அது சொல்லாத வயதையும் காரணத்தையும் அரசுப் பதிவு சொல்கிறது. இரண்டையும் ஒருசேர வைக்கும்போதுதான் ஒரு மனிதர் முழுமையாகத் தெரிகிறார்.

ஏடு ஏறாத மரணங்கள்

இவ்வளவும் பதியப்பட்டவர்களைப் பற்றியது. பதியப்படாதவர்களைப் பற்றிப் பேசாமல் இப்பொருளை முடித்தல் அறமாகாது.

சயாம்–பர்மா இரயில் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதன் நீளம் 415 கிலோமீட்டர். அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். மாண்டவர் 12,000க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர்களின் தொகையோ அதனினும் பன்மடங்கு பெரிது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர் எனக் கணக்கிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றன.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் நினைவுகூரப்படுகின்றனர். அவருட் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த தனிக்கல் உண்டு. கைதிகள் தம் தோழரின் மரணத்தை மறைவாகவேனும் குறித்து வைத்தனர். அவர்தம் படைப்பிரிவுகளிடம் பெயர்ப்பட்டியல்கள் இருந்தன. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய பட்டியல் இல்லை. லயத்திலிருந்து சென்றவர் திரும்பவில்லை என்பதே வீட்டுக்குக் கிடைத்த செய்தி. நாள் இல்லை, இடம் இல்லை, சான்றிதழ் இல்லை. எந்நாளில் திதி கொடுப்பது என்றறியாத குடும்பங்கள் ஆடி, தை அமாவாசை நாள்களில் பொதுவாகப் படையலிட்டன. மனைவி கைம்பெண்ணா, காத்திருப்பவளா என்னும் வினாவிற்கு விடைசொல்ல எந்த ஏடும் இல்லை.

சட்டம் இதற்கு ஒரு வழி கூறுகிறது. ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாக அறியக்கூடியவர்கள் ஏழாண்டுக் காலம் எச்செய்தியும் அறியாதிருப்பின், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் உள்ள விதி. சொத்துக்கும் மறுமணத்துக்கும் அவ்விதி வழிசெய்யலாம். ஆனால் அது பெயரையும் இடத்தையும் மீட்டுத் தருவதில்லை. காஞ்சனபுரியின் பௌத்த ஆலயம் ஒன்றில் பெயரறியாத் தமிழ்த் தொழிலாளர்க்காக அண்மைக்காலத்தில் நடுகல் ஒன்று எழுப்பப்பட்டுள்ளது. பண்டைய நடுகல் பெயரைச் சொல்லுதற்காக எழுந்தது; இந்நடுகல் பெயர் இல்லாமையைச் சொல்லி நிற்கிறது.

இவ்விரு நிலைகளையும் ஒப்பிடும்போது பதிவின் மதிப்பு விளங்கும். பிழைபட எழுதப்பட்ட பெயரையேனும் நாம் திருத்திப் படிக்க முடியும்; எழுதப்படாத பெயரைத் திருத்தவும் வழியில்லை. வாய்மொழி நினைவு ஒன்றே அங்கு எஞ்சிய ஆவணம். அந்நினைவைச் சுமந்த தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது.

இன்றைய தேவை

மரணச் சான்றிதழ் வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. வாரிசுரிமை, ஊழியர் சேமநிதி, சமூகப் பாதுகாப்பு உதவி, வீட்டு உரிமை மாற்றம் ஆகிய அனைத்துக்கும் அதுவே முதல் தாள். பிறப்புச் சான்றிதழோ குடியுரிமையோ இன்றி அல்லற்படும் ஒருவர் தம் பெற்றோரின் நிலையை மெய்ப்பிக்க முற்படும்போது, பெற்றோர் மறைந்திருப்பின் அவர்தம் மரணச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறுபட்டாலும் விண்ணப்பம் தடைபடுவது உண்டு. ஆகவே, துயர வேளையிலும், பதிவு செய்யும்போது பெயரின் எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது குடும்பத்தில் கற்றவர் ஒருவர் ஏற்க வேண்டிய கடமை.

ஆசிரியப் பெருமக்கள் இதனை ஒரு பயிற்சியாகவே வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தில் மறைந்த மூத்தோர் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவரது பெயரைத் தமிழில் எழுதட்டும். அவர் மறைந்த நாளை, திதியாகவேனும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறிக்கட்டும். ஊர், தோட்டம், பிரிவு, செய்த தொழில் ஆகியவற்றைச் சேர்க்கட்டும். பின்னர்ச் சான்றிதழைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள எழுத்து வடிவத்தைத் தமிழ்ப் பெயரோடு ஒப்பிடட்டும். இப்பயிற்சியில் மொழியும் வரலாறும் குடிமையும் ஒருங்கே அமையும்.

இப்பயிற்சிக்கு ஓர் எல்லையும் வேண்டும். மரணக் காரணம் என்னும் கட்டம் குடும்பம் காத்துவந்த துயரத்தை வெளிப்படுத்தக்கூடும். தற்கொலையும், மகப்பேற்று மரணமும், தொழுநோயும் அக்கட்டத்தில் ஒற்றைச் சொல்லாக நிற்கும். அதனைப் பொதுவில் வைப்பதா வேண்டாவா என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்ய வேண்டும். மாணவர்க்கு அவ்வடக்கத்தை ஆசிரியர் கற்பித்தல் வேண்டும்.

நிறைவுரை

நம் முன்னோரின் மரணங்களை எழுதியவர் பிறர். அவர்கள் எழுதியதால் பெயர்கள் சிதைந்தன. அவர்கள் எழுதியதாலேயே பெயர்கள் எஞ்சின. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே நேர்மையான வரலாற்றுப் பார்வை. பதிவேட்டைப் பழித்துப் பயனில்லை. அதனை முழுதும் நம்பியிருப்பதும் போதாது. அதன் பக்கத்தில் நாம் எழுத வேண்டிய பகுதி ஒன்று இன்னும் எழுதப்படாமல் உள்ளது. சிதைந்த எழுத்துக்கு எதிரே சரியான தமிழ்ப் பெயர், காலனி ஆட்சியின் இனக்குறிப்புக்கு எதிரே சொந்த ஊர், ‘கூலி’ என்னும் தொழிற்குறிப்புக்கு எதிரே அவர் வாழ்ந்த வாழ்க்கை ஆகியனவே அப்பகுதி.

அதனை எழுதவல்லார் ஒவ்வொரு வீட்டிலும் இன்று சிலரேனும் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்போம். கேட்டதைத் தமிழில் எழுதி, நாளும் இடமும் குறித்து, சான்றிதழின் படியோடு சேர்த்து வைப்போம்.